இரண்டு தங்கங்களுக்கு நடுவே

விளையாட்டு வினையாகும் என்பது நம் வீட்டுப் பெரியவர்களுக்கு மிகவும் உகந்த வாக்கியம். ஆனால் வினை என்ற சொல்லுக்குத் துன்பம் என்பது மாத்திரமல்ல, தொழில் என்பதும் பொருள்தான். விளையாட்டையே தொழிலாகக் கொண்டு, இளமை கழிந்த பிறகும் கீர்த்தி குன்றாமல் நின்ற ஒருவரைப் பற்றி இந்த வாரம் நேயர்களுடன் பேச விரும்புகிறோம். அவர் சென்னையிலே ஆடி வளர்ந்த மேஜை டென்னிஸ் வீரர் அசந்தா சரத் கமல்.

மேஜை டென்னிஸைச் சிலர் மழை நாளில் பொழுது போக்கும் ஆட்டம் என்று நினைப்பதுண்டு. 9 அடி நீளமும் 5 அடி அகலமும் உள்ள மேஜை. நடுவில் 6 அங்குல உயரத்தில் ஒரு வலை. 3 கிராம் எடைகூட இல்லாத ஒரு பந்து. அவ்வளவுதான். ஆனால் தேர்ந்தவர்கள் ஆடும்போது அந்தப் பந்து எதிர்ப்புறம் சேர அரை விநாடிகூட ஆவதில்லை. அதற்குள் அது எந்தப் பக்கம் சுழல்கிறது என்று கண்டு, காலை நகர்த்தி, மட்டையைத் தக்க கோணத்தில் சாய்த்துத் திருப்பி அடிக்க வேண்டும். கண்ணும் காலும் சற்றே மந்தப்பட்டாலும் தோல்விதான். இத்தகைய ஆட்டத்தில் 30 வயதைக் கடந்தவருக்கு என்ன எதிர்காலம் என்று கேட்பது நியாயமே.

சரத் கமலின் வாழ்க்கை அந்தக் கேள்விக்கு ஒரு பதில். 2006-ஆம் வருஷம் மெல்போர்னில் நடந்த காமன்வெல்த் போட்டியில் ஒற்றையர் தங்கப் பதக்கத்தை அவர் வென்றார். அப்போது அவருக்கு 23 வயது. பிறகு 2010, 2014, 2018 என மூன்று காமன்வெல்த் போட்டிகள் வந்து போயின. ஒற்றையர் தங்கம் மாத்திரம் மீண்டும் கிட்டவில்லை. 2022-இல் பர்மிங்ஹாமில், 40 வயது நிறைந்த மறு மாதத்தில், இங்கிலாந்தின் லியாம் பிட்ச்போர்டை வீழ்த்தி அதே தங்கத்தை மறுபடியும் பெற்றார். குழு ஆட்டத்திலும், ஸ்ரீஜா அகுலாவுடன் சேர்ந்து ஆடிய கலப்பு இரட்டையரிலும் அதே போட்டியில் தங்கம். ஆண்கள் இரட்டையரில் வெள்ளி. ஆக, இரண்டு ஒற்றையர் தங்கங்களுக்கு நடுவே 16 வருஷம்!

அந்த நீண்ட காலத்தில் ஆட்டம் ஒரே ஆட்டமாக இருந்திருந்தால் இதில் வியப்பு குறைவு. அது இருக்கவில்லை. 2000-த்தில் பந்தின் விட்டத்தை 38 மில்லிமீட்டரிலிருந்து 40 ஆக்கினார்கள். மறு வருஷம் 21 புள்ளி வரை சென்ற ஆட்டத்தை 11 புள்ளியாகச் சுருக்கினார்கள். 2002-இல், பந்தை உடலால் மறைத்து ஸர்வீஸ் போடக் கூடாதென்று விதித்தார்கள். 2008-இல், மட்டையின் ரப்பருக்கு அதிக வேகம் அளித்துவந்த பசையை, அதன் ஆவி உடல்நலத்துக்குக் கேடு என்று விலக்கினார்கள். 2014 முதல் ஸெல்லுலாய்டு பந்து போய்ப் பிளாஸ்டிக் பந்து வந்தது, சுழற்சி குறைந்தது. ஒவ்வொரு மாறுதலின்போதும் கை நன்கு பழகிய ஒன்றை மறந்து, வேறொன்றைப் பழக வேண்டியிருந்தது. கற்றதைக் காப்பாற்றுவதினும் மறுபடி கற்பது கடினம் என்பது வகுப்பறையில் நாள்தோறும் நாம் காணும் உண்மை. புகழ் பெற்ற பிறகு அதைச் செய்வது இன்னும் கடினம். அதைச் செய்ததனால்தான் 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில், 39 வயதில், சீனத்தின் மாபெரும் வீரர் மா லாங்கிடமிருந்து ஒரு கேமையாவது அவரால் பறிக்க முடிந்தது. தேசிய ஒற்றையர் பட்டம் பத்து முறை, ஒலிம்பிக் ஐந்து முறை, பாரிஸில் 2024-இல் நமது கொடியைத் தாங்கும் பெருமை என்பவை யாவும் அந்த விடா முயற்சியின் பலன்கள்.

எனினும், உழைப்பு ஒன்றே போதும் என்று குழந்தைகளுக்கு உபதேசம் செய்துவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்வது தகாது. அவருடைய தந்தையும் தந்தையின் சகோதரரும் இந்த ஆட்டத்தில் பயிற்சி அளிப்பவர்கள். ஆகவே வீட்டிலேயே குரு கிடைத்தார். இந்தியன் ஆயில் நிறுவனத்தில் உத்தியோகம் கிடைத்தது. ஆகவே சோற்றுக் கவலை இல்லை. ஜெர்மனியில் டுஸ்ஸெல்டார்ப் நகரத்துப் போருஸியா போன்ற சங்கங்கள் ஊதியம் தந்து லீக் பந்தயங்களில் ஆட வைத்தன. ஆகவே வலிய எதிராளிகள் ஓயாமல் கிடைத்தார்கள். நம் நாட்டிலேயே அப்படி ஒரு லீக் தோன்றியது 2017-இல்தான். குரு, பிழைப்பு, சமமான எதிராளி ஆகிய மூன்றில் ஒன்று குறைந்தாலும் திறமை பாதி வழியில் நின்றுவிடும். அப்படி நின்றுபோனவர்களின் பெயரை எந்தப் பத்திரிகையும் அச்சிடுவதில்லை.

2025 மார்ச்சு மாதம், தாம் ஆடி வளர்ந்த சென்னையிலேயே, உலகப் போட்டி ஒன்றில் இளைய இந்திய வீரரான ஸ்நேஹித்திடம் தோற்று, சரத் கமல் போட்டி ஆட்டத்திலிருந்து விடைபெற்றார். தம் நாட்டு இளைஞர் ஒருவரிடம் தோற்று விடைபெறுவதைக் குறைவென்று நாம் கருதவில்லை. அவர் தொடங்கிய நாளில் அத்தகைய இளைஞர்கள் எத்தனை பேர் இருந்தார்கள்?

இனி நாம் செய்ய வேண்டுவது பெரிய காரியமல்ல. பள்ளிக்கூடங்களில் மேஜையும் வலையும் பரிசோதகர் வரும் நாளில் மட்டும் வெளிவரும் பொருள்களாக இருத்தலாகாது. மாலையில் ஒரு மணி நேரம் அவற்றைத் திறந்து வைத்து, தவறைத் திருத்திக் கொடுக்கும் ஒருவரையும் அருகில் நிறுத்த வேண்டும். வீட்டில் குரு இல்லாத குழந்தைக்கு வேறு எங்கே குரு கிடைப்பார்?