பூக்கும் நேரத்தில் ஒரு தண்ணீர்

சம்பா அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் இருக்கும்போது, மெழுகுப் பதத்தில் இருக்கும் வயலில் உளுந்து தெளிப்பது கடலூர் மாவட்டத்துக்கும் காவிரிப் படுகைக்கும் பழகிய சாகுபடி. உழவும் இல்லை, பாத்தியும் இல்லை. நெல் தாளுக்கு நடுவே முளைத்து, மிச்ச ஈரத்தையும் தைப் பனியையும் கொண்டே இரண்டரை மாதத்தில் காய்த்துவிடும். அதனாலேயே உளுந்துக்கு எதற்குத் தண்ணீர் என்று பாசனத் திட்டத்தில் அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. இது பெரும் பிழை.

ஈரம் குறைந்தால் உளுந்து இலைத்துளைகளை மூடிக்கொள்கிறது; உச்சி வெயில் நேரே படாதபடி இலையைத் திருப்பிக்கொள்கிறது. மேலே இப்படித் தாக்குப்பிடிக்கும்போதே கீழே வேர் முடிச்சுகள் சோர்ந்துவிடுகின்றன. அவை காற்றிலிருந்து தழைச்சத்து சேர்க்கும் வேலைதான் வறட்சியில் முதலில் தடைபடுகிறது. தண்ணீர் கிடைத்தால் இலை ஓரிரு நாளில் நிமிரும். முடிச்சு தேற அதைவிட நாளாகும். செடியைப் பிடுங்கி ஒரு முடிச்சைக் கிள்ளிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் அது உயிரோடு இருக்கிறது. பழுப்பேறியிருந்தால், பிறகு எவ்வளவு தண்ணீர் விட்டாலும் அந்த முடிச்சு திரும்பாது. ஈரமில்லாமல் பூவும் பிஞ்சும் உதிர்ந்த செடி பச்சையாக நிற்கும், காய் இருக்காது. விதைத்த 30, 35ஆம் நாளில் பூக்கும் பயிருக்கு அப்போது கிடைக்கும் ஒரு தண்ணீர்தான் விளைச்சலைத் தீர்மானிக்கிறது.

நெய்வேலியைச் சுற்றி அந்தத் தண்ணீர் இல்லாமல் இல்லை. நிலத்தடி நீர் தானாகப் பொங்கிய பூமி இது. பழுப்பு நிலக்கரி வெட்ட, அடியில் இருக்கும் நீரை என்எல்சி நிறுவனம் இடைவிடாமல் இறைத்தாக வேண்டும். சுரங்கத் தண்ணீர் வாலாஜா ஏரிக்கும் வருகிறது. ஆனால் அது இறைப்பின் கணக்கில் வருகிறதே தவிர பயிரின் கணக்கில் வருவதில்லை. வேண்டாத நேரத்தில் வயலில் தேங்கினால் உளுந்து அழுகிவிடும். வறட்சியைத் தாங்கும் அளவுக்கு அது தேங்கிய நீரைத் தாங்காது.

2023 ஜூலை 26 அன்று இதே நெய்வேலிப் பகுதியின் வளையமாதேவி கிராமத்தில், என்எல்சி சுரங்கத்துக்கான பரவனாற்று மாற்றுக் கால்வாய்க்காக, வயலில் நின்ற நெல்லின் மேல் இயந்திரங்கள் இறங்கின. ஏக்கருக்கு 40,000 ரூபாய் இழப்பீடு தர உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. பயிர் அழிந்த பிறகு பணம் தருவதே வழக்கமாகிவிட்டது. வறட்சி நிவாரணமும் அப்படித்தான் வருகிறது. நெல்லை மண்ணோடு புரட்டியபின் மீட்க வழியில்லை. வாடும் உளுந்தை மீட்க வழி இருந்தும் விட்டுவிடுவதை எப்படி ஏற்பது?

சுரங்கத்துக்காகக் கையகப்படுத்தியது போக மிஞ்சிய நிலத்துக்காவது நீர் உறுதியாக வேண்டும். நீர்வளத் துறையும் வேளாண் துறையும் என்எல்சியும் கூடி, பூக்கும் பருவத்துக்கான மதகு திறப்பு, அடைப்புத் தேதிகளை உளுந்து தெளிப்புக்கு முன்பே ஒவ்வொரு ஊராட்சியிலும் அறிவிக்க வேண்டும். வாய்க்கால் எட்டாத வயலுக்குத் தெளிப்பு நீர்க் கருவிகளை வேளாண் பொறியியல் துறை வாடகைக்குத் தர வேண்டும். வரும் தைக்கே இதைத் தொடங்கலாம்.