வட்டம் பெரிதானால் போதுமா?

விருத்தாசலம் பீங்கான் நகரம். மணிமுத்தாற்றங்கரையில் உள்ள ஊர். கடலூர், சேலம், உளுந்தூர்பேட்டை, ஜெயங்கொண்டம் என்று நாலு பக்கமும் ரோடு போகிறது. பஸ், லாரி, டிராக்டர், மோட்டார் சைக்கிள் எல்லாம் ஊருக்குள் வந்து கூடுகின்றன. பீங்கான் சாமான் ஏற்றிய வண்டி ஒரு பக்கம்; பழமலைநாதரைத் தரிசிக்க வந்தவர்கள் ஒரு பக்கம்!

இப்படிப்பட்ட ஊர்களில் நெரிசல் வந்தால், "பெரிய ரவுண்டானா கட்டு" என்பார் ஒருவர். "அதை இடித்து விளக்கு வை" என்பார் இன்னொருவர். இரண்டுமே அவசரப் பேச்சு. முதலில் கணக்கு வேண்டும்.

தலையை எண்ணினால் போதாது

இந்திய சாலைக் காங்கிரஸ் 1976-ல் ஒரு விதிநூல் வெளியிட்டது. எல்லாத் திசைகளிலிருந்தும் மணிக்குச் சுமார் 3,000 வண்டிகள் வரைதான் ரவுண்டானா நன்றாகத் தாங்கும் என்றது அந்த நூல்.

ஆனால் எல்லா வண்டியும் ஒன்றா? அந்த 1976 நூலின் கணக்கில் ஒரு காரை 1 என்று வைத்தால், மோட்டார் சைக்கிள் 0.75, பஸ்சும் லாரியும் 2.8; மாட்டு வண்டி 4 முதல் 6 வரை! 100 மோட்டார் சைக்கிள் 75 கார்களுக்குச் சமம். 100 லாரியோ 280 கார்களுக்குச் சமம். எண்ணிக்கை ஒன்றுதான், பாரம் வேறு.

இரண்டு வரிசை, இரட்டிப்பு அல்ல

வட்டத்தில் இரண்டு வரிசை போட்டால் இரண்டு மடங்கு வண்டி போகும் என்று நினைக்கிறார்கள். அது தவறு. உள்வரிசையில் சுற்றுகிறவர் வெளியேற, வெளிவரிசையைக் கடக்க வேண்டும். அங்கேதான் உரசலும் தகராறும்.

வெளியே காத்திருப்பவர் உள்ளே நுழைய ஓர் இடைவெளி வேண்டும். உள்ளே சுற்றும் வண்டி கூடக்கூட அந்த இடைவெளி குறைகிறது. நுழையும் வண்டியும் குறைகிறது. 1980-ல் இங்கிலாந்தில் கிம்பர் என்ற நிபுணர் இதை ஒரு சூத்திரமாகவே எழுதினார். நுழைவாயிலின் அகலமும் அந்தக் கணக்கில் முக்கியம். ஆகவே நடுத்திட்டின் அழகைப் பார்த்துப் பயன் இல்லை. வாயிலைப் பார்க்க வேண்டும்!

வழி விட்டால் வழி உண்டு

முன்பு இங்கிலாந்தில் வெளியே இருந்தவர்கள் முண்டியடித்து உள்ளே புகுந்தார்கள். வட்டம் நிரம்பியது. உள்ளே இருந்தவர் வெளியேற முடியவில்லை. எல்லாரும் நின்றார்கள். 1966-ல், "உள்ளே சுற்றுகிறவருக்கே முதல் உரிமை" என்று விதி வந்தது. பூட்டு திறந்தது.

நம் நாட்டில் 2017-ல் வந்த வாகன ஓட்டும் விதிகளும் ரவுண்டானாவில் சுற்றுகிறவருக்கு வழி விடச் சொல்கின்றன. எத்தனை பேர் விடுகிறார்கள்?

செய்ய வேண்டியது

காலையிலும் மாலையிலும், சந்தை நாளிலும், மாசி மகத்தின்போதும் வண்டிகளை வகை வகையாக எண்ண வேண்டும். எந்த ரோட்டில் வந்து எந்த ரோட்டில் போகிறது என்றும் குறிக்க வேண்டும். நடந்து கடக்கும் பள்ளிப் பிள்ளைகளையும் முதியோரையும் மறக்கக் கூடாது. அதன் பிறகே வட்டமா, விளக்கா, பாலமா என்று முடிவு செய்ய வேண்டும்.

எண்ணாமல் கட்டினால் மக்கள் வரிப்பணம் வீண். நெரிசலில் சிக்கி நிற்பது ஆஸ்பத்திரி வண்டியானால், வீணாவது பணம் மட்டும் அல்ல!