ஒரு கையில் நிவாரணம், மறு கையில் எண்ணெய் ஏலம்!

அமெரிக்காவின் அலாஸ்கா ராஜ்யத்தை ஒட்டியிருப்பது பேரிங் கடல். பனிக்கட்டி மிதக்கும் அந்தக் கடலில் பனி நண்டு பிடிப்பது பெரிய தொழில். 2022 அக்டோபரில் அது அடியோடு நிறுத்தப்பட்டது. பனி நண்டுப் பருவம் முழுவதும் மூடப்பட்டது சரித்திரத்தில் அதுவே முதல் தடவை. அடுத்த ஆண்டும் அதே தடை. காரணம், 2018க்குப் பின் 1000 கோடிக்கு மேற்பட்ட நண்டுகள் மறைந்துவிட்டன!

எங்கே போயின? பட்டினியே முக்கிய காரணமாயிருக்க வேண்டும் என்கிறது 2023ல் வெளியான விஞ்ஞானிகளின் ஆராய்ச்சி. குளிர்ந்த நீரில் வாழும் பிராணி அது. நீரின் உஷ்ணம் 0 டிகிரியிலிருந்து 3 டிகிரிக்கு ஏறினால் அதற்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு தீனி வேண்டும். 2018லும் 2019லும் அந்தக் கடல் அளவுக்கு மீறிச் சூடேறியது. குளிர் நீர்ப் பகுதி சுருங்கியது. பசி வளர்ந்தது, தீனி வளரவில்லை. நிலக்கரியும் எண்ணெயும் எரிப்பதால் பூமியில் தேங்கும் உபரி வெப்பத்தில் 90 சதவிகிதத்துக்கு மேல் கடல்தான் வாங்கிக்கொள்கிறது. கரையில் எரித்த எண்ணெயின் கணக்கைக் கடலடியில் தீர்க்க வேண்டியதாயிற்று.

நண்டு போனதும் யாருடைய அடுப்பு அணைந்தது? கூடை இறக்கி ஏற்றும் படகுத் தொழிலாளியின் அடுப்பு. பதனிடும் ஆலையில் நின்று வேலை செய்யும் கூலியின் அடுப்பு. செயிண்ட் பால் என்ற சிறு தீவில் உனாங்கன் பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். அங்கே நகரசபையின் வருமானமே நண்டு வரியை நம்பியது. 2022ல் அந்த நகரம் நெருக்கடி நிலைமையைப் பிரகடனம் செய்ய நேர்ந்தது.

சட்டம் இயற்றும் கனவான்கள் என்ன செய்தார்கள்? 2022 டிசம்பர் 29ந் தேதி ஒரு மசோதா சட்டமாயிற்று. நாடெங்கும் மீன்பிடித் தொழிலுக்கு நேர்ந்த நாசங்களுக்காக 30 கோடி டாலர் ஒதுக்கினார்கள். நிவாரண மனுக்களின் மீது முடிவு சொல்லக் காலக்கெடுவும் விதித்தார்கள். நல்லது, வரவேற்கிறோம்.

ஆனால் மறுநாள், டிசம்பர் 30ந் தேதி, நடந்தது என்ன? அதே அலாஸ்காவின் குக் இன்லெட் கடற்பகுதி எண்ணெய் எடுப்பதற்காக ஏலத்துக்கு வந்தது! கம்பெனிகளுக்கு அதில் நாட்டமில்லை என்று அந்த ஆண்டு மே மாதத்தில் சர்க்காரே கைவிட்ட ஏலம் அது. ஆண்டு முடிவதற்குள் நடத்தியே தீர வேண்டும் என்று ஆகஸ்டில் காங்கிரஸ் நிறைவேற்றிய சட்டம் கட்டளையிட்டது. ஒரே ஒரு கம்பெனிதான் ஏலம் கேட்டது. சூரிய மின்சாரத்துக்கும் காற்று மின்சாரத்துக்கும் பெரும் பணம் ஒதுக்கியதும் அதே சட்டம்தான். அதை நாம் மறைக்கவில்லை. ஆனால் ஒரு பக்கம் தண்ணீர் ஊற்றி, மறு பக்கம் கொள்ளி வைத்தால் தீ அணையுமா?

2024ல் நீதிமன்றம் அந்தக் குத்தகையை நிறுத்திவைத்தது. 2025 ஜூலையில் வந்த சட்டமோ, குக் இன்லெட்டில் குறைந்தது 6 ஏலங்கள் நடத்த உத்தரவிட்டதோடு, சூரிய, காற்று மின்சாரத்துக்குக் கொடுத்த சலுகைகளையும் வெட்டியது. ஒரு கை கொடுத்ததை மறு கை பறித்தது!

நிவாரணத்திலும் ஒரு சூழ்ச்சி உண்டு. 2005ல் நண்டு பிடிக்கும் உரிமையையே சொத்தாக்கிப் பங்கு பிரித்தார்கள். படகுகளுக்கென்று வகுத்த பங்கில் 97 சதவிகிதம் படகு முதலாளிகளுக்கு; கப்பல் தலைவர்களுக்கு 3 சதவிகிதம்; சாதாரணக் கூலிக்கு ஒன்றுமில்லை. பிரிஸ்டல் வளைகுடாவில் சிவப்பு நண்டு பிடித்த சுமார் 250 படகுகள் ஒரே ஆண்டில் சுமார் 90 ஆகக் குறைந்தன. நூற்றுக்கணக்கான தொழிலாளிகள் வேலை இழந்தனர். நஷ்டத்தைப் பங்கின்படி கணக்கிட்டால், பங்கில்லாதவனுக்கு நஷ்டமே இல்லை என்று ஆகாதா? வறட்சிப் பணம் பட்டாதாரர் வீட்டுக்குப் போக, அறுவடைக் கூலி வெறுங்கையோடு நிற்பது நம் விவசாயத் தொழிலாளர்களுக்குத் தெரியாத கதையா?

2024ல் பனி நண்டுப் பருவம் மீண்டும் திறக்கப்பட்டது. அனுமதித்த அளவு சுமார் 47 லட்சம் பவுண்டு. 2020ல் அனுமதித்ததோ 450 லட்சம் பவுண்டு! பத்தில் ஒரு பங்கு நண்டுக்கு எத்தனை பேருக்கு வேலை கிடைக்கும்?

கோரிக்கை தெளிவானது. நிவாரணம் இழந்த கூலியைக் கணக்கிட்டு, உழைத்தவன் கையில் நேராகச் சேர வேண்டும். எண்ணெய் ஏலங்கள் நிற்க வேண்டும். கடலைச் சூடாக்கி லாபம் குவித்த கம்பெனிகளே நஷ்டஈடு கட்ட வேண்டும். எண்ணெய்த் தொழிலில் பிழைக்கும் தொழிலாளிக்கு மாற்று வேலை உத்தரவாதம் வேண்டும்.

சட்டசபையில் கை தூக்குகிறவர்கள் கடலின் உஷ்ணத்தை அறியாதவர்களல்லர். விஞ்ஞானிகளின் அறிக்கைகள் அவர்கள் மேஜை மீதே கிடக்கின்றன. எண்ணெய்க் கம்பெனியின் குரல் அவர்கள் காதில் ஓங்கி விழுகிறது. நண்டுத் தொழிலாளியின் குரல் விழவில்லை. அந்தக் குரல் ஒன்றுபட்டு எழுந்தால் எந்தச் சட்டசபையும் செவிசாய்த்தே தீரும்!