கணக்குக் காட்டாத அரசு

வரி தண்டும்போதும் வாக்குச்சீட்டு வழங்கும்போதும் தன் குடிகளைத் தலைதலையாய் எண்ணத் தெரிந்த ஓர் அரசு, அவர்கள்மேல் எறிகணை பொழிந்தபின் மட்டும் எண்ணும் வகை அறியாது விழிக்குமா? இலங்கையில் விழித்தது, இன்றும் விழிக்கின்றது.

2008 அக்தோபர்த் தொடக்கத்தில் வன்னியில் வாழ்ந்தோர் 4,29,059 பேர். இஃது எதிர்ப்பாளர் எவரோ கட்டிவிட்ட தொகையன்று. கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டச் செயலகங்கள், அஃதாவது சிங்கள அரசின் சொந்த அலுவலகங்களே, எழுதிவைத்த தொகை. போர் முடிந்து, 2009 சூலை 10 வரை அரசின் கட்டுக்குள் வந்து சேர்ந்தோர் ஐ.நா. கணக்குப்படி 2,82,380 பேர். கழித்தால் எஞ்சுவது 1,46,679. இவர்கள் என்ன ஆயினர் என்று மன்னார் ஆயர் இராயப்பு சோசப்பு, 2011 சனவரியில் அரசே அமர்த்திய உசாவற் குழுவின்முன் கேட்டார். இத்தனை பேரும் மாண்டனர் என்று அவர் அறுதியிடவில்லை. எங்கே என்றுதான் கேட்டார். பதிவில் பிழை இருக்கலாம். சிலர் கடல் கடந்தும் போயிருக்கலாம். அங்ஙனமாயின் அதைப் பெயர் பெயராய் எடுத்துக் காட்ட வேண்டியவர் யார்? ஆயரா? ஆட்சியாளரா?

இப் புரட்டுப் போர் நடக்கும்போதே தொடங்கிவிட்டது. 2009 பிப்பிரவரியில் சிக்குண்டோர் 70,000 பேரே என்றது அரசு. செஞ்சிலுவைக் கழகமோ 2,50,000 என்றது. ஏப்பிரல் இறுதியில் குடியரசுத் தலைவர் மகிந்த இராசபக்சே, ஐயாயிரமோ பத்தாயிரமோ இருக்கலாம் என்றார், அப்பொழுது ஐ.நா. கணக்கில் 1,20,000-க்கும் மேற்பட்டோர் அக் கடற்கரை மணலில் கிடந்தனர். இது வாய் தவறிய பிழையா? எழுபதாயிரம் வாய்க்கு அளந்த அரிசி இரண்டரை இலக்கம் வாய்க்கு எங்ஙனம் போதும்? தொகையைக் குறைத்துக் காட்டியே உணவையும் மருந்தையும் அரசு குறைத்ததென, ஐ.நா. பொதுச்செயலர் அமர்த்திய வல்லுநர் குழு 2011-இல் எழுதியது. 40,000 வரை பொதுமக்கள் மடிந்திருக்கக் கூடுமென்றும், இறுதிக் கட்டத்தில் வீழ்ந்தோருள் பெரும்பாலோர் அரசின் எறிகணைகளாலேயே வீழ்ந்தனர் என்றும் அக் குழு கூறிற்று. தாக்குதலற்ற வலையமென அரசே கோடு கிழித்து மக்களை அழைத்த இடங்களிலும் அவை விழுந்தன. புலிகள் மக்களை வெளியேற விடாது தடுத்தனர், தப்ப முயன்றோரைச் சுட்டனர் என்றும் அதே அறிக்கையில் உள்ளது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் ஒருவன் வழிமறித்து நின்றான் என்பதற்காக, மறிக்கப்பட்டவன் தலையில் குண்டெறிய எவ்வரசுக்கு உரிமை உண்டு?

எண்ணியோர் பட்ட பாடோ பெரிது. மருந்தும் குருதியும் போதாமல் இறுதிவரை நின்று அறுவை செய்து, மடிந்தோர் தொகையை வெளியுலகுக்கு அறிவித்த அரசு மருத்துவர்களை மே திங்களில் சிறைப்பிடித்தனர். சூலையில், காவலில் வைத்தபடியே செய்தியாளர்முன் அமர்த்தி, முன்பு சொன்னவை மிகைப்பட்டவை, இறந்தோர் 750-க்குள்தான் என்று சொல்ல வைத்தனர்.

தில்லி என்ன செய்தது? 2009 மே 27-இல், குருதி காயுமுன், செனீவாவில் மாந்த உரிமை அவை கொழும்பைப் பாராட்டும் முடிவொன்றை 29 வாக்குகளால் நிறைவேற்றியது. அவ்விருபத்தொன்பதில் ஒன்று இந்தியாவினது. எந்தத் தமிழனைக் கேட்டு அக் கை உயர்ந்தது?

2020 சனவரியில், காணாமற் போனோர் உண்மையில் இறந்துவிட்டனர் என்றார் அன்றைய குடியரசுத் தலைவர் கோத்தபய இராசபக்சே. போர் நடந்தபோது பாதுகாப்புத் துறைச் செயலராய் இருந்தவரும் அவரே. எப்படி இறந்தனர், எவர் கையில் இறந்தனர், எங்கே புதைத்தனர் என்பவற்றுக்கு அவர் வாய் திறக்கவில்லை. கிளிநொச்சித் தாய்மார் 2017 பிப்பிரவரி 20 முதல் தெருவோரப் பந்தலில் அமர்ந்து கேட்டு வருவதும் அதைத்தான். அவர்களுள் பலர் விடை பெறாமலே மறைந்தனர். போரின் கடைசி நாள்களில் படையிடம் கையளிக்கப்பட்டோரின் முழுப் பெயர்ப் பட்டியலை வெளியிடு என்கின்றனர் எஞ்சியோர். கொழும்போ சாவுச் சான்றிதழை நீட்டுகின்றது.