தலைதாங்கியும் அளவுகோலும்

மோட்டார் வண்டியின் ஆசனத்தில் தலைக்குப் பின்புறம் நிற்கும் திண்டைச் சாய்ந்து இளைப்பாறுவதற்கென்று வைத்த ஓர் அலங்காரமாகவே பலரும் எண்ணியிருக்கின்றனர். அஃது உண்மையன்று. பின்னாலிருந்து மற்றொரு வண்டி மோதும்போது ஆசனம் முதுகை முன்னே தள்ளுகிறது. தலையோ இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கிறது. இவ்விரண்டிற்கும் நடுவே கழுத்து வதைபடுகிறது. தக்க சமயத்தில் தலையைத் தாங்குவதே அத்திண்டின் கடமை. ஆதலின் அது போதிய உயரமுள்ளதாயும், தலைக்கு அண்மையிலும் இருத்தல் வேண்டும்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் ஸர்க்கார் 1969 ஜனவரி முதல் புதிய கார்களின் முன் ஆசனங்களுக்குத் தலைதாங்கியைக் கட்டாயமாக்கினர். எனினும் அவ்விதி தலைக்கும் திண்டுக்கும் இடையேயுள்ள தூரத்திற்கு எல்லை வகுக்கவில்லை. அக்குறையை 2004-ஆம் வருஷத்துத் திருத்திய விதி நீக்கிற்று. முன் ஆசனத்தில் அவ்விடைவெளி 55 மில்லிமீட்டருக்கு மேற்படலாகாது என்பது அதன் தீர்ப்பு.

நோக்கம் உத்தமமானதே. ஆனால் அளப்பது எங்ஙனம்? மனித உடலின் பாரமுள்ள ஒரு பொம்மையை ஆசனத்தில் இருத்தி, கானடா தேசத்தார் வகுத்த தலை வடிவக் கருவியை அதன்மேல் பொருத்தி, பின்தலையிலிருந்து திண்டு வரை அளக்கின்றனர். ஆசனம் கல்லன்று, அமுங்கும் மெத்தை. பொம்மையை இருத்துவோர் சற்று அழுத்தி வைத்தால் ஓரளவு, மெல்ல வைத்தால் வேறோரளவு. முதுகின் சாய்வு 25 பாகை என்று வைத்துச் சோதிக்கின்றனர். 60 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரே ஒரு பாகை பிசகினாலும் தலை ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் இடம் பெயர்ந்துவிடும். 55-ல் 10 அற்பமோ? ஒரு சோதனைச் சாலையில் தேறிய ஆசனம் மற்றொன்றில் தவறுமாயின், விதிக்கு என்ன மதிப்பு?

இதனால் நேரும் கேடு இருவகைத்து. கெட்ட ஆசனம் நல்லதென்று பெயர் பெறுவது ஒன்று. மற்றொன்று, அளவின் தடுமாற்றத்திற்கு அஞ்சும் உற்பத்தியாளர், எங்கே அளந்தாலும் தேறவேண்டுமென்று திண்டை எல்லைக்கும் மிக உள்ளே கொண்டுவந்துவிடுவர். அப்போது நிமிர்ந்து உட்காருபவரின் தலையைத் திண்டு முன்னே தள்ளும். அவர் தொல்லை பொறாமல் திண்டையே கழற்றி எறிவாராயின், காப்பதற்கென்று செய்த விதியே காப்பை இழக்கச் செய்ததாகும்.

பரிகாரங்கள் கூறப்படாமலில்லை. மும்முறை அளந்து சராசரி எடுக்க வேண்டுமென்று அமெரிக்கர் 2007-ல் விதித்தனர். நன்று; ஆனால் சராசரி கைத்தவற்றைக் குறைக்குமேயன்றிக் கருவியின் தவற்றைப் போக்காது. கோணல் அளவுகோலால் நூறு முறை அளந்தாலும் கோணல் கோணலே. பொம்மையை விடுத்து, உற்பத்தியாளரின் வரைபடத்தில் குறித்த இடுப்புப் புள்ளியிலிருந்தே அளக்கலாம் என்போரும் உளர். அவ்வாறு அளந்தால் விடை மாறாதிருக்கலாம். ஆனால் மனிதர் உட்காருவது மெத்தையிலேயன்றி வரைபடத்திலன்று. எப்போதும் ஒரே விடை தருவது மட்டும் உண்மையாகிவிடாது.

ஐரோப்பாவில் பொம்மையையும் தலைக்கருவியையும் ஜோடியாகச் சேர்த்தே சரிபார்க்கும் முறை வழங்குகிறது. அதுவே யுக்தமான வழி. இத்துடன், ஒரே ஆசனத்தைச் சோதனைச் சாலைதோறும் சுற்றியனுப்பி அளக்கச் செய்து, காணும் வித்தியாசத்தை ஒளிவின்றி வெளியிடுதலும் அவசியம். வித்தியாசம் இவ்வளவென்று தெரிந்தாலன்றி எல்லையை எங்கே வகுப்பதென்று யாரும் நிர்ணயிக்க இயலாது.

கடைத்தெருவில் படிக்கல் கடைக்குக் கடை வேறுபட்டால் ஜனங்கள் பொறுப்பதில்லை. உப்புக்கும் புளிக்கும் வேண்டிய நேர்மை மனிதனின் கழுத்துக்கு வேண்டாமோ? விதி வகுப்போர் முதலில் தங்கள் அளவுகோலைச் சோதித்துக்கொள்வார்களாக. பிறகு ஆசனங்களைச் சோதிக்கட்டும்.