மறைமலை நகரில் எழும் கட்டடங்கள்: நம் பிள்ளைகள் எந்தப் படியில் நிற்கிறார்கள்?

2025 அக்டோபர் இறுதியில் ஃபோர்டு நிறுவனம் தமிழக அரசுடன் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. மறைமலை நகரில் மூடிக் கிடக்கும் தொழிற்சாலையில் 3,250 கோடி ரூபாய் முதலீட்டில் என்ஜின்கள் தயாரிக்கப்படும், உற்பத்தி 2029இல் தொடங்கும் என்பது செய்தி. அன்றிலிருந்து மறைமலை நகர், சிங்கப்பெருமாள் கோவில், ஒரகடம் வட்டாரத்தில் பெற்றோர்களின் பேச்சு ஒன்றுதான்: "மறுபடியும் ஆள் எடுப்பார்களா? நம் பையனுக்கு இடம் கிடைக்குமா?"

நியாயமான கேள்விதான். ஆனால் இத்துடன் இன்னொரு கேள்வியையும் கேட்க வேண்டும். தொழிற்சாலைக்குள் வேலை தொடங்கும் முன்பே வெளியில் பெரிய வேலை நடந்து முடிகிறது. நிலம் அளக்கப்படுகிறது, வரைபடம் தயாராகிறது, கம்பி கட்டப்படுகிறது, தளம் போடப்படுகிறது. பிறகு தொழிலாளர் விடுதி, கிடங்கு, அடுக்குமாடி, கடைத்தெரு என்று வரிசையாக எழுகின்றன. இந்த வேலைகளில் நம் சமுதாயப் பிள்ளைகள் எந்தப் படியில் நிற்கிறார்கள்?

ஒரு நிறுவனத்தை நம்பிய வாழ்வு

மறைமலை நகர் தானாக வளர்ந்த ஊர் அல்ல. சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் திட்டமிட்டு உருவாக்கிய புதுநகரம். 1999இல் இங்கே ஃபோர்டு கார் உற்பத்தி தொடங்கியது. 2021 செப்டம்பரில் இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அந்நிறுவனம் அறிவித்தது. 2022 ஜூலையில் கடைசிக் கார் வெளியே வந்தது. உதிரிபாகப் பட்டறை, வேன் ஓட்டுநர், உணவகம், வாடகை வீடு என்று அதைச் சுற்றிப் பிழைத்த குடும்பங்களும் அதோடு சேர்ந்து அடிபட்டன.

ஒரு குறிப்பிட்ட இயந்திரத்தை மட்டும் இயக்கத் தெரிந்தவர், அந்த இயந்திரம் இருக்கும் இடத்தைச் சார்ந்தே வாழ வேண்டியிருக்கிறது. வரைபடம் வாசிக்கவும், நிலம் அளக்கவும், எஸ்டிமேட் போடவும் தெரிந்தவருக்கு மறைமலை நகரில் வேலை இல்லையென்றால் மதுரையில் இருக்கும். அங்கும் இல்லையென்றால் மஸ்கட்டில் இருக்கும். கட்டுமானத் துறையிலும் ஏற்ற இறக்கம் உண்டு. மணல் தட்டுப்பட்டாலும் வங்கிக் கடன் சுருங்கினாலும் வேலை நிற்கும். ஆனால் கற்ற திறன் ஒரே முதலாளியின் வாசலில் கட்டுண்டு கிடப்பதில்லை.

இந்தத் தடத்தில் எவ்வளவு கட்டப்படுகிறது என்பதற்கு ஓர் உதாரணம் போதும். 2024 ஆகஸ்ட்டில் ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில் சிப்காட் கட்டிய விடுதி திறக்கப்பட்டது. செலவு 706.50 கோடி ரூபாய். 18,720 பெண் பணியாளர்கள் தங்கும் வசதி. கிட்டத்தட்ட ஒரு சிறு நகரத்தையே உள்ளடக்கிய கட்டடம் அது.

நடுவில் இருக்கும் வெற்றிடம்

கட்டுமானம் என்றதும் நம் வீடுகளில் இரண்டு உருவங்கள்தான் நினைவுக்கு வரும். ஒன்று வெயிலில் நிற்கும் கொத்தனாரும் சித்தாளும். மற்றொன்று குளிரூட்டிய அறையில் இருக்கும் ஆர்க்கிடெக்ட். முதலாவதை நம் பிள்ளைக்கு வேண்டாம் என்கிறோம். இரண்டாவது எட்டாது என்று நினைக்கிறோம்.

இரண்டுக்கும் நடுவில்தான் வேலைகள் அதிகம். வரைவாளர் (டிராஃப்ட்ஸ்மேன்), சர்வேயர், சைட் சூப்பர்வைசர், அளவும் செலவும் கணக்கிடுபவர், கான்கிரீட்டின் தரம் சோதிப்பவர், பாதுகாப்பு அலுவலர், பிளம்பிங் மற்றும் மின்பணிப் பொறுப்பாளர் என்று பட்டியல் நீளும். ஒன்று முதல் மூன்றாண்டுப் படிப்பில் இவற்றுள் பலவற்றுக்குத் தகுதி பெறலாம். பிளஸ் டூவில் நடுத்தர மதிப்பெண் எடுத்து, கடன் வாங்கி ஏதோ ஒரு பொறியியல் கல்லூரியில் சேர்ந்து, பாதியில் அரியர்களோடு நிற்கும் பிள்ளைகளுக்கு இந்த வழி சொல்லப்படவே இல்லை என்பதுதான் வேதனை.

அமெரிக்காவில் இதற்காகவே சமுதாயக் கல்லூரிகள் இருக்கின்றன. வீட்டுக்கு அருகில், குறைந்த கட்டணத்தில் இரண்டாண்டு கட்டடக் கலையும் கட்டுமானமும் படிக்கலாம். பிறகு வேலைக்கும் போகலாம், பல்கலைக்கழகத்திலும் தொடரலாம். இந்தியாவில் இந்த முயற்சி தொடங்கியது நம் பக்கத்தில்தான். 1995இல் புதுச்சேரிப் பல்கலைக்கழகமும், 1996இல் சென்னை மயிலை கத்தோலிக்க மறைமாவட்டமும் சமுதாயக் கல்லூரிகளைத் தொடங்கின. பள்ளிப் படிப்பு நின்றுபோனவர்களுக்கும் ஏழைகளுக்கும் தொழிலும் வாழ்க்கைத் திறனும் கற்றுத் தருவது நோக்கம். பின்னர் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் பல இடங்களில் இத்தகைய கல்லூரிகளை அங்கீகரித்தது.

நம் சமுதாயத்திடம் கட்டடக் கலைக் கல்வி இல்லாமல் இல்லை. மறைமலை நகரிலிருந்து அதே ஜிஎஸ்டி சாலையில் சென்னை நோக்கிச் சென்றால் வண்டலூரில் பி.எஸ். அப்துர் ரஹ்மான் கிரசென்ட் நிறுவனம் இருக்கிறது. அங்கே கட்டடக் கலைக்குத் தனிப் பள்ளி உண்டு. ராயப்பேட்டையில் மியாசி அமைப்பின் கட்டடக் கலைக் கல்லூரி 1999 முதல் இயங்குகிறது. கீழக்கரையில் பிறந்த அப்துர் ரஹ்மான் அவர்களின் நிறுவனம்தான் 1973இல் திறக்கப்பட்ட சென்னை அண்ணா மேம்பாலத்தைக் கட்டியது. ஆக, மாடி நம்மிடம் இருக்கிறது. அந்த மாடிக்கு ஏறும் படிக்கட்டைத்தான் நம் மஹல்லாக்களில் காணவில்லை.

எந்த வழியில் ஏறுவது?

பெற்றோர்கள் குழம்பாமல் இருக்கச் சில விவரங்களைச் சொல்கிறோம்.

ஐடிஐயில் சிவில் வரைவாளர் படிப்பு இரண்டாண்டு. பிளம்பர் படிப்பு ஓராண்டு. ஒரகடத்திலேயே அரசு ஐடிஐ இருக்கிறது. 71 அரசு ஐடிஐகளை 2,877 கோடி ரூபாய் செலவில் நவீனமாக்கும் திட்டத்தின் தொடக்க விழா 2023இல் அங்குதான் நடந்தது. அத்திட்டத்தின் கவனம் தொழிற்சாலைத் திறன்கள் மீதுதான் அதிகம். எனவே கட்டுமானம் சார்ந்த பிரிவு எந்த ஐடிஐயில் உண்டு என்பதை விண்ணப்பிக்கும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

பாலிடெக்னிக் டிப்ளமோ, பத்தாம் வகுப்புக்குப் பின் மூன்றாண்டு. இரண்டாண்டு ஐடிஐ முடித்தவரும், உரிய பாடங்களோடு பிளஸ் டூ முடித்தவரும் நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம். டிப்ளமோ முடித்தவர் பி.இ. சிவில் இரண்டாம் ஆண்டில் சேரலாம்.

ஆர்க்கிடெக்ட் ஆக விரும்புபவர் ஐந்தாண்டு பி.ஆர்க் படிக்க வேண்டும். கணிதம் சேர்ந்த மூன்றாண்டு டிப்ளமோ முடித்தவரும் 'நாட்டா' நுழைவுத் தேர்வு எழுதி இதில் சேர முடியும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. பிளஸ் டூவில் வணிகவியல் எடுத்துவிட்டு, பின்னர் வரைபடத்தில் ஆர்வம் பிறந்த பிள்ளைக்கும் இதனால் ஒரு வாசல் திறந்திருக்கிறது. வருடங்கள் கூடும், ஆனால் வழி அடைபடவில்லை.

ஏற்கெனவே தளத்தில் வேலை செய்யும் இளைஞர்களுக்கும் வழி இருக்கிறது. 1994இல் அமைக்கப்பட்ட தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்தவர்களுக்குத் தையூரிலும், எல் அண்ட் டி நிறுவனத்தின் துணையோடு காஞ்சிபுரம் மாவட்டம் நீவலூரிலும் கொத்து வேலை, கம்பி வளைத்தல், வெல்டிங், குழாய்ப் பணி முதலிய பயிற்சிகள் அறிவிக்கப்பட்டன. ஒரு வாரப் பயிற்சிக்கு வருபவருக்கு, அந்த நாட்களின் கூலி இழப்பை ஈடுகட்ட நாளொன்றுக்கு 800 ரூபாய் என்றும் அறிவிப்பில் இருந்தது. வாரியத்தில் பதிவு செய்யாததால் நம்மவர்கள் எத்தனை பேர் இதை இழக்கிறார்கள் என்று ஒவ்வொரு ஜமாஅத்தும் தன் மஹல்லாவில் கணக்கெடுத்துப் பார்க்கலாம். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்கள் ஐடிஐ, டிப்ளமோ மாணவர்களுக்கும் பொருந்தும்.

ஓர் எச்சரிக்கையும் தேவை. 'ஆர்க்கிடெக்சர் டிப்ளமோ' என்று கவர்ச்சியான பலகை மாட்டிய பயிற்சி மையங்கள் பல இருக்கின்றன. 1972ஆம் ஆண்டு ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டப்படி, கட்டடக் கலைக் குழுமத்தில் பதிவு பெற்றவர் மட்டுமே ஆர்க்கிடெக்ட் என்று தன்னை அழைத்துக்கொள்ள முடியும். ஆறு மாத ஆட்டோகேட் பயிற்சி நல்ல திறன்தான், பட்டம் ஆகாது. பணம் கட்டும் முன் சான்றிதழை வழங்குவது யார், அதை ஏற்பது யார் என்ற இரண்டையும் எழுத்தில் கேளுங்கள்.

கோடு தவறினால் உயிர் போகும்

2014 ஜூன் 28 மாலை மௌலிவாக்கத்தில் கட்டப்பட்டுக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்தது. 61 பேர் இறந்தார்கள். ஆந்திராவிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் கூலிக்கு வந்தவர்கள் அவர்களில் பலர். பக்கத்தில் நின்ற மற்றொரு கட்டடமும் பாதுகாப்பற்றது என்று 2016இல் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வேலைக்குப் போகும் பலருக்குப் பழக்கமான பகுதி அது.

இப்போது பொறுப்பு இன்னும் நம் வீட்டருகே வந்துவிட்டது. 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை தரைத்தளமும் முதல் தளமுமாக வீடு கட்டுவோர், சுயசான்று அடிப்படையில் இணையத்திலேயே உடனடி அனுமதி பெறும் முறை 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. அலைச்சலும் கையூட்டும் குறையும், வரவேற்கத்தக்கது. ஆனால் "விதிப்படி கட்டுகிறேன்" என்று உறுதி தருபவர் நாம்தான். அந்த விதியைப் படித்து விளக்க ஊருக்கு ஒருவராவது வேண்டாமா?

மருத்துவம் அறியாதவர் மருத்துவம் பார்த்துத் தீங்கு நேர்ந்தால் அவரே அதற்குப் பொறுப்பாளி என்ற கருத்தில் நபிமொழி உண்டு. தொழில் செய்பவரின் கவனக்குறைவால் வரும் இழப்புக்கு யார் பொறுப்பு என்பதை ஃபிக்ஹ் நூல்கள் விரிவாகவே பேசுகின்றன. கம்பியின் கனத்தைக் குறைத்துக் கணக்கை நிறைப்பவர் செய்வது வியாபாரத் தந்திரம் அல்ல, அமானிதத் துரோகம்.

மதீனாவில் மஸ்ஜிதுன் நபவீ கட்டப்பட்டபோது நபி (ஸல்) அவர்களும் கல் சுமந்தார்கள். யமாமாவிலிருந்து வந்த தல்க் இப்னு அலீ (ரலி) மண் குழைப்பதில் கைதேர்ந்தவராக இருப்பதைக் கண்டு, அந்த வேலையை அவரிடமே விடும்படி நபியவர்கள் சொன்ன செய்தி ஹதீஸ் நூல்களில் வருகிறது. மண் குழைப்பவரின் திறமையைக்கூடக் கவனித்து இடம் கொடுத்த மார்க்கம் இது. அப்படியிருக்க, 'கட்டட வேலையா?' என்று முகம் சுளிக்கும் வழக்கம் நமக்கு எங்கிருந்து வந்தது?

வளைகுடா வாசலும் மாறுகிறது

"எப்படியும் சவூதிக்குப் போய்விடலாம்" என்ற பழைய கணக்கும் இனிச் சரிவராது. மின்பணி, குழாய்ப் பணி, வெல்டிங் போன்ற தொழில்களுக்கு விசா பெறும் முன்பே திறன் தேர்வில் தேர்ச்சி பெற வேண்டும் என்ற முறையை இந்தியர்களுக்கும் சவூதி அரசு கொண்டுவந்துவிட்டது. ஏஜெண்டிடம் லட்சங்கள் கட்டியவர், கையில் திறன் இல்லாவிட்டால் கடனோடு வீடு திரும்புவார். அதே லட்சத்தில் ஒரு சிறு பகுதி, ஓராண்டுப் படிப்புக்குப் போதும்.

பெண் பிள்ளைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். வரைபடம், அளவுக் கணக்கு, உள்ளலங்காரம், கட்டட அனுமதிக்கான ஆவணங்கள் ஆகிய பணிகளைப் பெண்கள் சிறப்பாகச் செய்கிறார்கள். கணினியும் பயிற்சியும் இருந்தால் வீட்டிலிருந்தே செய்யக்கூடிய பகுதியும் இதில் கணிசம். ஆயிரக்கணக்கான பெண்கள் தங்கும் விடுதிகள் எழும் வட்டாரத்தில், தொழுகை அறை எங்கே, ஒளு செய்யும் இடம் எங்கே, இரவில் வெளிச்சம் எங்கே வேண்டும் என்று தெரிந்த ஒரு பெண் வரைபட மேசையில் இருப்பது எல்லோருக்கும் நன்மை.

ஜமாஅத்துகள் என்ன செய்யலாம்?

புதிய கல்லூரி கட்ட வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. கையில் இருப்பதை வைத்தே மூன்று காரியங்கள் செய்யலாம்.

ஒன்று: பள்ளிவாசலோ மதரஸாவோ திருமண மண்டபமோ கட்டும்போது, ஒப்பந்தத்திலேயே மஹல்லாவைச் சேர்ந்த இரு மாணவர்களுக்குத் தளப் பயிற்சி தர வேண்டும் என்று ஒரு நிபந்தனை சேர்க்கலாம். அஸ்திவாரம் முதல் பூச்சு வரை ஒரே கட்டடத்தைப் பார்த்து முடித்தவருக்கு, படித்த பாடம் மறக்காது.

இரண்டு: மாலை நேரத்தில் பூட்டிக் கிடக்கும் மதரஸா அறைகளில், அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தோடு இணைந்து வரைபட வாசிப்பும் அளவுக் கணக்கும் கற்றுத் தரலாம். ஓய்வுபெற்ற பொறியாளர்களும், வளைகுடாவில் ஃபோர்மேனாக இருந்து திரும்பியவர்களும் நம் ஊர்களில் இல்லையா?

மூன்று: பைத்துல்மால் உதவியைப் பொறியியலுக்கும் மருத்துவத்துக்கும் மட்டும் என்று வைக்காமல், ஐடிஐ, டிப்ளமோ மாணவர்களுக்கும் விரிவாக்கலாம். செலவு குறைவு; பலன் விரைவு.

கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் நம் முன்னோர் எழுப்பிய கல் பள்ளிவாசல்கள் இன்றும் நிற்கின்றன. அவற்றைக் கட்டியவர்களுக்குக் கல்லும் தெரியும், கணக்கும் தெரியும், அந்த மண்ணின் பாணியும் தெரியும். அவற்றை இடிக்காமல் பழுதுபார்க்கத் தெரிந்தவர்களை இன்று தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது.

2029இல் மறைமலை நகரில் என்ஜின் ஓடத் தொடங்கும் என்கிறார்கள். இவ்வாண்டு டிப்ளமோவில் சேரும் பிள்ளை ஏறக்குறைய அதே காலத்தில் படிப்பை முடித்து வெளியே வந்திருப்பான். பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ முடிவுகள் வரும் வாரத்தில் ஜும்ஆ மேடைகளிலும் வீட்டுத் திண்ணைகளிலும் இதைப் பேசுங்கள். பிள்ளையின் கையில் என்ன திறன் இருக்கிறது என்று பார்த்து, அவனிடமும் கேட்டு முடிவெடுங்கள். நம் பிள்ளைகளுக்கு ஹலாலான, கண்ணியமான வாழ்வாதாரத்தை அல்லாஹ் எளிதாக்கித் தருவானாக.