புல்லும் வெள்ளாமைதான்!

2017 ஜனவரியில் மெரினாவில் லட்சக்கணக்கானவர்கள் திரண்டார்கள். "நாட்டு மாட்டைக் காப்போம்" என்ற முழக்கம் உலகெங்கும் கேட்டது. பதாகைகளில் காங்கேயம் காளை திமிலை உயர்த்திக்கொண்டு கம்பீரமாக நின்றது. மகிழ்ச்சி! ஆனால் அந்தக் காளை என்ன தின்று வளர்கிறது என்ற கேள்வி மட்டும் எந்தப் பதாகையிலும் இல்லை.

காளை பதாகையைத் தின்று வாழாது. அதற்குப் புல் வேண்டும். அந்தப் புல்லை வளர்க்கிற நிலத்தின் பெயர் கொறங்காடு.

காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம், மூலனூர், அரவக்குறிச்சி வட்டாரங்களில் ஆண்டுக்குப் பெய்வது ஏறத்தாழ 600, 650 மில்லிமீட்டர் மழைதான். அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிடும். இந்த மண்ணில் எல்லா வருடமும் தானியம் விளையாது என்று கண்டுகொண்ட குடியானவர்கள், புல்லையே வெள்ளாமையாக வைத்தார்கள். நாலு பக்கமும் முள்கிளுவை உயிர்வேலி. உள்ளே கொழுக்கட்டைப் புல். நடுநடுவே நிழலுக்கும் நெற்றுக்கும் வெள்வேல மரம். அது ஊர்ப் பொது மேய்ச்சல் நிலம் அல்ல, குடும்பத்துக்குச் சொந்தமான பட்டா நிலம். வங்கிக் கடனோ வாய்க்கால் தண்ணீரோ கேட்காமல் தலைமுறை தலைமுறையாக மாட்டையும் மயிலம்பாடி ஆட்டையும் வளர்த்துக் கொடுத்தது இந்த நிலம்தான்.

இதற்கு இன்று கிடைத்திருக்கும் பட்டம் என்ன தெரியுமா? "சும்மா கிடக்கிற காடு"!

இந்த "சும்மா" என்ற ஒரு சொல்தான் கொறங்காட்டைக் கொல்கிறது. பருத்திக்கு உரம் வைப்பவரும் தென்னைக்குக் குழாய் போடுபவரும் புல்லைப் பற்றிப் பேச்செடுத்தால், "அது மழை பேஞ்சா தானா வரும்" என்று முடித்துவிடுகிறார்கள். தானாக வருமா? பார்த்தீனியம் தானாக வரும். சீமைக் கருவேலம் கேட்காமலே வரும். கொழுக்கட்டைப் புல், பார்த்துக்கொள்ள ஆள் இருக்கும் காட்டில்தான் நிற்கும்.

பழைய ஆட்கள் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். காட்டைப் பட்டிகளாகப் பிரித்து வேலி போட்டார்கள். மழை பெய்து புல் துளிர்த்ததும் கடவை அடைத்தார்கள். புல் வேர் பிடித்து, கதிர் வாங்கி, விதை உதிர்க்கும் வரை ஓர் ஆடுகூட உள்ளே போகாது. அதன் பிறகு ஒரு பட்டி மேய்ந்தால் இன்னொன்று ஓய்வெடுக்கும். சில வருடங்களுக்கு ஒருமுறை ஓர் உழவு ஓட்டி, சோளமோ கொள்ளோ விதைத்து எடுப்பார்கள். இறுகிய மண் இளகும், மண்ணில் கிடந்த விதையிலிருந்து புல் புதிதாகக் கிளம்பும். வேலியில் சந்து விழுந்தால் கிளுவைப் போத்து வெட்டி நட்டு அடைப்பார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, காடு தாங்குகிற அளவுக்குத்தான் உருப்படிகளை வைத்துக்கொண்டார்கள். இதற்குப் பெயர் சும்மாவா? இது விவசாயம் இல்லையென்றால் எதுதான் விவசாயம்?

இப்போது நடப்பதோ நேர்மாறு. துளிர்த்த மறுவாரமே ஆட்டை உள்ளே விடுகிறார்கள். விதை கட்டுவதற்குள் புல் தீர்ந்துவிடுகிறது. அடுத்த வருடம் முளைக்க விதை ஏது? மூன்று வருடம் இப்படி ஓடினால் நல்ல புல் போய், மாடு முகர்ந்துகூடப் பார்க்காத களைதான் மிஞ்சும். பிறகு "கொறங்காட்டில் ஒன்றுமில்லை" என்று தீர்ப்பு. குற்றவாளியே நீதிபதியானால் தீர்ப்பு வேறெப்படி இருக்கும்?

இன்னொரு கூத்து. மழைக்காலத்தில் புல் மிஞ்சி நிற்கும்போது அறுத்துச் சேமிக்க யாருக்கும் நேரமில்லை. கோடையில் மட்டும் தஞ்சாவூர்ப் பக்கமிருந்து லாரியில் வைக்கோல் இறங்குகிறது! வைக்கோலில் புரதம் நூற்றுக்கு மூன்று, நான்கு பங்குதான். கொழுக்கட்டைப் புல்லைப் பூவெடுக்கும் பருவத்தில் அறுத்துக் காயவைத்தால் அதைவிடச் சத்தான மேவு சொந்தக் காட்டிலேயே கிடைக்கும். முற்றவிட்டால் அது வெறும் சக்கை. ஆகவே ஒரு பகுதியைப் பூவில் அறுக்க வேண்டும், இன்னொரு பகுதியை விதைக்கு விட வேண்டும். அடுத்த வருடம் இரண்டையும் மாற்றிக்கொள்ளலாம். அறுத்ததை இரண்டு மூன்று நாள் புரட்டிப் போட்டுச் சருகாக உலர்த்திய பிறகுதான் போர் போட வேண்டும். ஈரத்தோடு அடுக்கினால் உள்ளே சூடேறிப் பூஞ்சணம் பூத்துவிடும்.

தேய்ந்துபோன காட்டையும் மீட்கலாம். சீமைக் கருவேலத்தை வேரோடு பிடுங்கி, ஒரு மழைக்காலம் முழுக்க அடைத்துப்போட்டு, கொழுக்கட்டை விதையோடு முயல் மசாலையும் தூவினால் போதும். முயல் மசால் பயறுவகைத் தீவனம், புரதத்துக்குப் புரதம், மண்ணுக்குத் தழைச்சத்து. கொழுக்கட்டை விதை அறுத்த கையோடு சரியாக முளைக்காது, சில மாதம் வைத்திருந்துதான் விதைக்க வேண்டும். இதை அறியாமல் விதைத்துவிட்டு விதைமேல் பழி போடுபவர்களும் உண்டு.

"ஏக்கருக்கு என்ன வரும்? காற்றாலைக்கோ சோலாருக்கோ கொடுத்தால் வருடா வருடம் குத்தகை வருமே" என்பார்கள். பிள்ளைகள் திருப்பூர் பனியன் கம்பெனியில், பெரியவர்கள் தள்ளாத வயதில், நிலமோ பங்கு பிரிந்து துண்டு துண்டாக... அந்தக் குடும்பத்தை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் கணக்கைச் சரியாகப் போடட்டும். உழவுச் செலவு கிடையாது, மருந்துச் செலவு கிடையாது. ஆடு, கன்று, பால், எரு, வெள்வேல நெற்று, இத்தனையும் வரவு. மழை பொய்த்த வருடத்திலும் முழுதாக ஏமாற்றாத வெள்ளாமை அந்தக் கரட்டு மண்ணில் வேறென்ன இருக்கிறது? வெட்டிய வெள்வேல மரமும், பிடுங்கிய கிளுவை வேலியும் குத்தகைக் காலம் முடிந்ததும் எழுந்து வந்து நின்றுகொள்ளுமா?

காங்கேயம் மாடுகளின் எண்ணிக்கை 1990-ல் ஏறத்தாழ 11 லட்சத்து 74 ஆயிரம். 2000-ல் 4 லட்சத்து 79 ஆயிரம். பத்தே வருடத்தில் பாதிக்கும் மேல் போய்விட்டது. டிராக்டர் வந்தது ஒரு காரணம், கலப்பின மாடு வந்தது இன்னொரு காரணம். ஆனால் மேய்ச்சல் காடு சுருங்கியதைச் சேர்க்காமல் இந்தக் கணக்கு முடியாது.

மாட்டுக்காகக் கண்ணீர் விடுபவர்கள் முதலில் புல்லுக்காக வியர்வை சிந்தட்டும். அரசும் நெல்லுக்கும் கரும்புக்கும் தருகிற மரியாதையில் ஒரு பங்கையாவது புல்லுக்குத் தரட்டும். மழை பொய்த்தால் நிவாரணம், வேலி கட்ட உதவி, நல்ல விதை என்று கேட்பது பிச்சை அல்ல, விவசாயியின் உரிமை. அதற்கும் முன்னால் கொறங்காட்டுக்காரர் வீட்டுப் பிள்ளைகள் ஒன்று செய்யலாம். அடுத்த ஐப்பசியில் மழை இறங்கியதும் போய்க் கடவை அடைத்துவிட்டு வரட்டும்.

போராட்டம் அங்கிருந்து தொடங்கட்டும்!